கார் பருவமும் கடைமடையும்: தாமிரபரணிப் பாசனத்தில் நீர்ப்பங்கீடு குறித்து

1. கேள்வி

தமிழ்நாட்டில் தோன்றித் தமிழ்நாட்டிலேயே கடலில் சேரும் வற்றாத ஆறு என்று தாமிரபரணியைப் பள்ளிப் பாடநூல் முதல் மேடைப் பேச்சு வரை எல்லோரும் சொல்கிறோம். பொதிகை மலையில் பிறந்து, ஏறக்குறைய 125 கி.மீ. ஓடி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இதற்கு நீர் தருகின்றன. அதனால்தான் இதன் கரையில் கார், பிசானம் என்று இரண்டு நெல் போகங்கள் நிலைபெற்றன.

ஆனால் ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வட்டாரத்தில் கார் போகம் நிச்சயமில்லாத ஒன்றாகிவிட்டது. நாற்றங்கால் போடலாமா வேண்டாமா என்று விவசாயி ஜூன் மாதம் முழுக்க அணையின் நீர்மட்டத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதே ஜூனில் அம்பாசமுத்திரத்தில் நடவுக்கு வயலைத் தயார் செய்கிறார்கள். ஒரே ஆறு, ஒரே பருவம், இரு வேறு நிலைமை.

வற்றாத ஆற்றின் கடைமடை ஏன் ஒரு போகத்துக்குச் சுருங்குகிறது? இந்தக் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகளை எடைபோட்டுப் பார்ப்பதே கட்டுரையின் நோக்கம். நீரின் அளவை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது; எந்தப் பருவத்தில், எந்த வரிசையில் நீர் பங்கிடப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

2. எட்டு அணைக்கட்டு, பதினொரு கால்வாய்

தாமிரபரணிப் பாசனத்தின் எலும்புக்கூடு எட்டு அணைக்கட்டுகள். மேலிருந்து கீழாகக் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முந்தியவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்டது.

அணைக்கட்டு வேறு, அணை வேறு. அணை நீரைத் தேக்குகிறது. அணைக்கட்டு ஆற்றின் குறுக்கே கிடக்கும் தாழ்ந்த கற்சுவர். நீர்மட்டத்தைச் சற்று உயர்த்திக் கால்வாயின் தலைமதகுக்குள் தள்ளுகிறது, மிச்சம் சுவரைத் தாண்டி வழிந்து அடுத்த அணைக்கட்டுக்குப் போகிறது. மருதூர் அணைக்கட்டு லாட வடிவில் வளைந்து ஆற்றை மறித்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சுவருக்கு மேலே நீர் வழியும் நாளில் கீழே இருப்பவருக்கும் பங்கு உண்டு. சுவரின் தலை காய்ந்துவிட்டால், மதகு திறந்திருக்கும் வரை, ஆற்றின் நீர் முழுவதும் மேலே இருப்பவருக்கே. அமைப்பிலேயே மேல்மடைக்குச் சாதகம் இருக்கிறது.

கால்வாய்களின் ஆயக்கட்டு விவரம் இந்தக் கேள்விக்கு அடிப்படையானது. வடக்குக் கோடைமேலழகியான் 2,260 ஏக்கர், தெற்குக் கோடைமேலழகியான் 870, நதியுண்ணி 2,460, கன்னடியன் 12,500, கோடகன் 6,000, பாளையங்கால்வாய் 9,500, நெல்லைக் கால்வாய் 6,410. இந்த ஏழும் சேர்ந்தால் 40,000 ஏக்கர். அதற்குக் கீழே மருதூர் மேலக்கால் 12,762, மருதூர் கீழக்கால் 7,785, ஸ்ரீவைகுண்டம் தென்கால் 12,760, வடகால் 12,800. இந்த நான்கும் 46,107 ஏக்கர். மொத்தம் 86,107 ஏக்கர்.

கடைமடை என்றதும் மிச்சமிருக்கும் சிறு பகுதி என்று நினைக்கத் தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. கடைசி இரண்டு அணைக்கட்டுகளில் மட்டும் ஆயக்கட்டின் பாதிக்கு மேல், அதாவது நூற்றுக்கு 53 பங்கு இருக்கிறது. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது இந்த 46,107 ஏக்கர் அந்த மாவட்டத்தின் பாசனப் பரப்பாயிற்று. மேலே உள்ள 40,000 ஏக்கர் திருநெல்வேலியில் நின்றது. அதுவரை தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையிலான வழக்காக இருந்தது அதன்பின் இரண்டு மாவட்டங்களின் வழக்காகவும் ஆனது.

3. வழக்கமான விளக்கங்கள்

3.1 மழை குறைந்துவிட்டது

முதல் விளக்கம் மழையைக் குறை சொல்கிறது. தென்மேற்குப் பருவமழை பொய்க்கும் ஆண்டில் கார் போகம் பாதிக்கப்படும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மழை பொய்த்தால் ஆயக்கட்டு முழுவதும் அல்லவா சமமாக வாட வேண்டும்? அண்மைய ஆண்டுகளில் சில கார் பருவங்களுக்கு அணை திறந்தபோது, கோடைமேலழகியான் இரண்டு, நதியுண்ணி, கன்னடியன் ஆகிய முதல் நான்கு கால்வாய்களின் 18,090 ஏக்கருக்கு என்றே அறிவிப்பு வந்தது. மற்ற 68,017 ஏக்கர் அந்த அறிவிப்பில் இல்லை. பற்றாக்குறையை மழை உண்டாக்கலாம். அதை யார் தலையில் வைப்பது என்பதை மழை தீர்மானிப்பதில்லை.

3.2 ஆலைகள் குடித்துவிட்டன

இரண்டாவது விளக்கம் மக்களிடம் வலுவாக வேரூன்றியது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தூத்துக்குடியின் தொழிற்சாலைகளுக்கு நீர் கொண்டுபோகும் திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 2 கோடி காலன். கங்கைகொண்டானில் குளிர்பான ஆலைகளுக்கு ஆற்றுநீர் தருவதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 2017 மார்ச்சில் அத்தடையை நீக்கியது. அந்தத் தீர்ப்பு தந்த ஏமாற்றம் இன்னும் ஆறவில்லை.

இந்தக் கோபத்தின் நியாயத்தை மறுக்காமல் கணக்கையும் பார்க்க வேண்டும். 2 கோடி காலன் ஏறக்குறைய 9 கோடி லிட்டர். விநாடிக்கு 37 கன அடி. கார் பருவத்தின் 120 நாட்களுக்கும் இது முழு அளவில் எடுக்கப்படுவதாகக் கொள்வோம். நெல்லுக்கு வயலில் 1.2 மீட்டர் உயர நீர் தேவை என்று வைத்தால், அது சுமார் 2,250 ஏக்கர் நெல்லுக்கான நீர். கடைமடையின் 46,107 ஏக்கரோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்கு. ஆகவே ஆலைகள் மட்டுமே கடைமடையின் காரைப் பறித்தன என்று சொல்ல இந்தக் கணக்கு இடம் தரவில்லை.

ஆனால் அளவைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஆலைக்கும் குடிநீருக்கும் நாள் தவறாமல் நீர் வேண்டும். பாசனத்துக்கு முறை வைக்கலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். ஆகவே பற்றாக்குறை வரும்போது வெட்டப்படுவது எப்போதும் பாசனமே. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் ஊர்களுக்கும், விருதுநகர் மாவட்டத்தின் சில நகரங்களுக்கும் இந்த ஆற்றின் உறைகிணறுகளே குடிநீர் தருகின்றன. குடிநீருக்கு முதலிடம் தருவதை எந்த விவசாயியும் எதிர்ப்பதில்லை. குடிநீர் என்ற பெயருக்குள் தொழிற்சாலை நீரும் ஒதுங்கிக்கொள்வதைத்தான் எதிர்க்கிறார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது.

3.3 மணலும் வண்டலும்

மூன்றாவது விளக்கம் ஆற்றின் உடலைப் பற்றியது. மணற்கொள்ளைக்கு எதிராக மூத்த பொதுவுடைமைத் தலைவர் ஆர். நல்லகண்ணு தொடுத்த வழக்கில், 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு ஐந்தாண்டுத் தடை விதித்தது. மணல் போன ஆற்றில் நீர் வேகமாக ஓடிவிடுகிறது, ஊற்று குறைகிறது, கரையோரக் கிணறுகள் தாழ்கின்றன. மறுபக்கம், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் முன்புறம் வண்டலால் மேடேறி, தேங்க வேண்டிய நீர் தேங்காமல் போயிற்று. 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பிறகே தூர்வாரும் வேலை தொடங்கியது. எடுக்கக் கூடாத இடத்தில் மணலை எடுத்தோம். எடுக்க வேண்டிய இடத்தில் வண்டலை விட்டுவைத்தோம். இரண்டின் சுமையையும் கடைமடை தாங்கியது.

இந்த விளக்கம் உண்மையானது, ஆனாலும் பாதிதான். நீர் வந்தால்தான் தேங்கும். நீர் ஏன் வரவில்லை என்பதற்கு மணலும் வண்டலும் முழு விடையாகா.

3.4 வரலாற்றாய்வு

திருநெல்வேலிச் சீமையைப் பற்றி ஆழமாக எழுதியவர்களில் முதன்மையானவர் டேவிட் லட்டன். 1985இல் வெளிவந்த அவரது நூல், தென்னிந்திய உழவர் வரலாற்றைத் திருநெல்வேலியை முன்வைத்துப் பேசுகிறது. நஞ்சைப் பகுதி, புஞ்சைப் பகுதி, இரண்டும் கலந்த பகுதி என்று சீமையைப் பிரித்து, ஆற்றங்கரை நஞ்சையில் பிராமணரும் வேளாளரும் கோயில்களை மையமாகக் கொண்டு நிலத்தையும் நீரையும் உழைப்பையும் எப்படிக் கட்டுக்குள் வைத்திருந்தனர் என்று அவர் காட்டுகிறார். அணைக்கட்டும் கால்வாயும் பொறியியல் மட்டுமல்ல, சமூக அதிகாரத்தின் வடிவம் என்பது அவரிடமிருந்து நாம் பெறும் முக்கியமான பாடம்.

அந்தப் பாடத்தை இன்னும் ஒரு படி நீட்டலாம். நஞ்சைக்கும் புஞ்சைக்கும் இடையில் வேறுபாடு இருப்பது போலவே நஞ்சைக்கு உள்ளேயும் வேறுபாடு இருக்கிறது. சேரன்மகாதேவி நஞ்சையும் ஆத்தூர் நஞ்சையும் வருவாய்ப் பதிவேட்டில் ஒன்று. ஜூன் மாதத்தில் ஒன்றல்ல.

4. இரண்டு பருவம், இரண்டு நீர்வரத்து

இனி என் விளக்கம். பிசானமும் காரும் ஒரே பாசன அமைப்பில் நடக்கின்றன. ஆனால் அவற்றுக்கு நீர் வரும் விதம் வேறு.

பிசானம் அக்டோபரில் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை மலையில் மட்டுமல்ல, சமவெளியிலும் பெய்கிறது. குளங்கள் கால்வாய் நீரை மட்டும் நம்பியிருக்காமல் சொந்த மழையிலும் நிரம்புகின்றன. சிற்றாறு சீவலப்பேரியில் வந்து சேர்கிறது, பச்சையாறு சேர்கிறது. மேல்மடை வயல்களின் வடிநீர் ஆற்றுக்குத் திரும்பி, கீழ் அணைக்கட்டுகளுக்கு மறுபடி நீராகிறது. மேலே இருப்பவர் தேவைக்கு மேல் எடுத்தாலும் கீழே இருப்பவர் பிழைத்துக்கொள்ள வழி உண்டு.

கார் ஜூனில் தொடங்குகிறது. தென்மேற்குப் பருவமழை மலைச்சரிவோடு நின்றுவிடுகிறது. சமவெளி மழைமறைவில் கிடக்கிறது. குளம் சொந்தமாக நிரம்ப வழியில்லை. கோடையில் காய்ந்த மணற்படுகையும், ஆனி ஆடிக் காற்றும் வழியிலேயே நீரைக் குறைக்கின்றன. கடைமடைக்கு வரும் ஒவ்வொரு சொட்டும் மலையிலிருந்து ஆற்றின் வழியாகவே வந்தாக வேண்டும். இந்தப் பருவத்தில்தான் அணைக்கட்டு வரிசையின் மேல்மடைச் சாதகம் முழு வலுவோடு செயல்படுகிறது. பிசானத்தில் மறைந்திருக்கும் ஏற்றத்தாழ்வைக் கார் வெளிக்காட்டுகிறது.

அணைகளின் கொள்ளளவும் இதையே உறுதிப்படுத்துகிறது. பாபநாசம் அணை 143 அடி உயரம், 5,500 மில்லியன் கன அடி. மணிமுத்தாறு 118 அடி, 5,511 மில்லியன் கன அடி. சேர்வலாறு 156 அடி, 1,225 மில்லியன் கன அடி. மூன்றும் நிரம்பினால் 12,236 மில்லியன் கன அடி. முன்பு கொண்ட அதே 1.2 மீட்டர் அளவில் 86,107 ஏக்கர் நெல்லுக்கு, வழியில் வீணாவதைச் சேர்க்காமலே, 14,700 மில்லியன் கன அடிக்கு மேல் தேவை. மூன்று அணையும் நிரம்பி வழிந்தால்கூட ஒரு முழுப் போகத்துக்குப் போதாது. காரின் தொடக்கத்திலோ அணைகள் ஏறக்குறைய ஆண்டின் மிகக் குறைந்த மட்டத்தில் இருக்கின்றன.

எனவே கார் பருவம் எப்போதுமே பங்கிட்டாக வேண்டிய பருவம். பங்கீட்டுக்கு எழுதப்பட்ட, எல்லோருக்கும் தெரிந்த விதி இல்லாதபோது, அணைக்கட்டின் வரிசையே விதியாகிவிடுகிறது. முதல் நான்கு கால்வாய்களுக்கு மட்டும் என்ற அறிவிப்பு நிர்வாகக் கண்ணோட்டத்தில் புரிந்துகொள்ளக் கூடியது: குறைந்த நீர் குறைந்த தூரத்தில் வீணாகாமல் பயிராகும். ஆனால் இந்தத் தர்க்கம் ஒவ்வோர் ஆண்டும் ஒரே பக்கத்துக்கே சாதகமாக முடியும். கன்னடியன் கால்வாய்க்கு ஓர் ஆண்டுகூட கடைசி இடம் வராது.

இதன் விளைவு நெல்லோடு நிற்பதில்லை. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதி வாழைக்குப் பெயர் பெற்றது. ஆத்தூர் வெற்றிலை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. வாழைக்கும் கொடிக்காலுக்கும் போகம் என்ற இடைவெளி கிடையாது. ஆண்டு முழுதும் வேரில் ஈரம் வேண்டும். கார் காலத்தில் கால்வாய் காய்ந்தால் நெல் விவசாயி நடவைத் தவிர்க்கலாம். நிற்கும் வாழையை என்ன செய்வது? மோட்டாரை நம்புகிறார்கள். நன்னீர் அழுத்தம் குறைந்த கடலோர நிலத்தில் மோட்டார் ஓட ஓட உப்பு உள்ளே வருகிறது.

5. உரிமையின் வரலாறு

கடைமடை பின்னால் வந்து சேர்ந்தது, ஆகவே அதன் உரிமை இரண்டாம் தரம் என்றொரு வாதம் உண்டு. இதற்கு இரண்டு பதில்கள்.

முதலாவது, தொல்லியல். சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றில் கிடைத்த நெல்லின் காலத்தை அமெரிக்க ஆய்வகம் ஒன்று கி.மு. 1155 என்று கணித்ததாகத் தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. சிவகளையும் ஆதிச்சநல்லூரும் இன்றைய கடைமடைப் பகுதியில் இருப்பவை. இந்தச் சான்றை அளவுக்கு மீறி நீட்டக் கூடாது. தாழியில் நெல் இருந்தது என்பது கால்வாய்ப் பாசனம் இருந்ததற்குச் சான்றாகாது. குளத்து நீரிலோ வெள்ளம் வடிந்த ஈரத்திலோ விளைந்திருக்கலாம். ஆனால் கடைமடை அண்மையில் வேளாண்மைக்கு வந்த நிலம் என்று சொல்ல இனி முடியாது.

இரண்டாவது, 19ஆம் நூற்றாண்டு. ஏழு அணைக்கட்டுகளையும் தாண்டிக் கடலுக்குப் போன நீரை நம்பித்தான் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு எழுந்தது. அதன் வடகால் பேய்க்குளம், கோரம்பள்ளம் போன்ற குளங்களுக்கும், தென்கால் கடம்பாகுளத்துக்கும் உயிர் கொடுத்தது. அரசு கட்டியது, அரசு ஆயக்கட்டைப் பதிவு செய்தது, அரசு தீர்வை வாங்கியது. உபரியை நம்பித் தொடங்கினாலும் ஒன்றரை நூற்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு அது உபரியின் தயவில் இருப்பதாகச் சொல்ல முடியாது.

இந்தப் பழைய கதை இன்று மீண்டும் நடக்கிறது. மணிமுத்தாறு அணை 1958இல் முடிந்தபோது அதன் பிரதான கால்வாய் நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துப் புஞ்சைக்கு, ரீச்சுகளாகப் பிரித்து, முறைவைத்து நீர் கொண்டுபோனது. பின்னர் தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டம் வந்தது. ஆண்டுக்குச் சராசரியாகக் கடலுக்குப் போகும் உபரி 13,758 மில்லியன் கன அடி என்றும், அதில் 2,765 மில்லியன் கன அடியைக் கன்னடியன் கால்வாய் வழியாகத் திருப்பலாம் என்றும் திட்டம் கணக்கிட்டது.

திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட தேரிக்காட்டு மக்களுக்கு நீர் தர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சராசரி என்ற கணக்கு கவனமாகப் படிக்க வேண்டியது. தாமிரபரணியின் உபரி சில வெள்ள நாட்களில் மொத்தமாகப் போவது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியது, குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டம் தனித்தீவானது, ரயில் பயணிகள் அங்கே சிக்கிக்கொண்டார்கள். அந்த ஒரு வெள்ளமே பல ஆண்டுச் சராசரியை உயர்த்திவிடும். கார் காலத்தில் கடலுக்கு உபரி போவதில்லை. வெள்ளநீர்க் கால்வாய் வெள்ள நாட்களில் மட்டும் திறக்கப்படும் என்ற நிபந்தனை காகிதத்தில் இருந்தால் போதாது. மூன்றாவது அணைக்கட்டில் திறக்கப்படும் கதவு எட்டாவது அணைக்கட்டில் நிற்பவரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

6. எதிர்வாதங்கள்

மூன்று எதிர்வாதங்களுக்கு விடை சொல்ல வேண்டும்.

ஒன்று, மேல்மடையின் முன்னுரிமை பழமையானது, அதைத் தொடக் கூடாது என்பது. முன்னுரிமை என்பது தன் ஆயக்கட்டுக்குப் போதிய நீரைப் பெறும் உரிமை. ஆற்றை வறளவைக்கும் உரிமை அல்ல. நீர்பாய்ச்சியும் மடைக்குடும்பனும் மடை திறந்து நீர் பங்கிட்ட காலத்தில் குளத்துக்குள்ளேயே தலைமடைக்கும் கடைமடைக்கும் முறை இருந்தது. ஒரு குளத்துக்குப் பொருந்திய முறை ஓர் ஆற்றுக்கும் பொருந்தும். அந்தப் பழைய ஒழுங்கு சாதி ஏற்றத்தாழ்வின் மேல் நின்றது என்பதை மறக்கக் கூடாது; மடை திறந்தவர்களில் பலருக்கு நிலம் இருந்ததில்லை. மீட்க வேண்டியது முறைவைக்கும் கொள்கையை மட்டுமே.

இரண்டு, நெல்லை விட்டுவிட்டு நீர் குறைவான பயிருக்கு மாறலாமே என்பது. உளுந்து போன்ற பயிருக்கு இடமுண்டு. ஆனால் பயிர் மாற்றத்தைக் கடைமடைக்கு மட்டும் உபதேசிப்பது நியாயமல்ல. அம்பாசமுத்திரத்தில் நெல், ஏரலில் சிக்கனம் என்பது வேளாண்மைக் கொள்கை ஆகாது.

மூன்று, புதிய அணை கட்டினால் தீரும் என்பது. 1940களில் பாபநாசம் அணை வந்தது, 1958இல் மணிமுத்தாறு, 1986இல் சேர்வலாறு. மூன்று அணைகள் வந்த பிறகும் கடைமடையின் கார் உறுதிப்படவில்லை. தேக்கம் கூடிய அளவுக்குக் கோரிக்கையாளரும் கூடினர்.

7. முடிவு

மேலே கண்டவற்றிலிருந்து நான் வந்து சேரும் தீர்ப்பு இது. மழை, ஆலை, மணல் மூன்றும் கடைமடையின் துயரத்துக்குக் காரணங்களே. ஆனால் இவை எல்லாவற்றின் சுமையையும் ஒரே இடத்தில் இறக்கிவைப்பது கார் பருவத்தின் எழுதப்படாத பங்கீடு.

இதைத் திருத்தப் பெரும் செலவு தேவையில்லை. கார் பருவத்துக்குப் பற்றாக்குறை ஆண்டின் பங்கீட்டு விதியை அரசு எழுத்தில் வெளியிட வேண்டும். மேல் கால்வாய்களும் கீழ்க் கால்வாய்களும் ஆண்டு மாற்றி முன்னுரிமை பெறும் முறை அதில் இருக்க வேண்டும். எட்டு அணைக்கட்டுகளிலும் ஒவ்வொரு நாளும் எவ்வளவு நீர் வந்தது, கால்வாய்க்குள் எவ்வளவு போனது, கீழே எவ்வளவு விடப்பட்டது என்பது ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதப்பட வேண்டும். குடிநீரும் தொழிற்சாலை நீரும் தனித்தனிக் கணக்கில் வர வேண்டும். பற்றாக்குறை ஆண்டில் முதலில் குறைவது தொழிற்சாலை நீராக இருக்க வேண்டும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தூர்வாருவதற்கு இன்னொரு வழக்கு தேவைப்படக் கூடாது.

86,107 ஏக்கரும் ஒரே பதிவேட்டில்தான் இருக்கின்றன, ஒரே தீர்வை விதிக்குத்தான் உட்பட்டவை. கடமையில் சமமானவர்கள் நீரிலும் சமமாக வேண்டும். அடுத்த கார் பருவத்துக்கு அணை திறக்கும் அறிவிப்பு வரும்போது, எத்தனை கன அடி என்பதோடு எந்தெந்தக் கால்வாய்க்கு என்பதையும் வாசகர்கள் படித்துப் பார்க்க வேண்டும். பெயர் விடுபட்ட கால்வாய்க்காகக் கேள்வி கேட்க வேண்டும்.